பச்சை கேட், நாய் உண்டு: ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் நடந்த தகவல் கசிவு

வட சென்னையில் சின்னக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் அமைத்துக் கொடுத்து, கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் தொழில். என் வாடிக்கையாளர்களில் ஒருவரான ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இந்த ஆண்டு தை மாதம் நடந்ததை, உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாயை மட்டும் மாற்றவில்லை.

பின்னணி

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோடிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது லேப். உரிமையாளர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. லேப் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறார். கவுன்ட்டரில் இருவர், உள்ளே மூன்று டெக்னீஷியன்கள், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர நான்கு பையன்கள்.

இந்த லேபின் உயிர்நாடி அந்த நான்கு பையன்கள்தான். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலை இரண்டு மணிக்கே நாள் தொடங்கிவிடும்; காலை ஏழு மணிக்கு லேபுக்கு வந்து வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள் என்றால் சிரிப்பார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயதானவர்களை ஆட்டோவில் அழைத்து வருவது ஒரு நாள் வேலை. ஆகவே, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு பையன்கள் போகிறார்கள். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்த வேலை திடீரென்று பல மடங்கானது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சமாளிக்க முடியாமல், ஒரு கூகுள் ஷீட் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள்.

போட்டுக் கொடுத்தவன் நான். பையன்கள் நால்வரிடமும் விதவிதமான போன்கள், பாதிப் பேருக்கு மின்னஞ்சல் கடவுச்சொல் நினைவில்லை. எனவே 'லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்' என்ற அமைப்பில் வைத்து, லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஊரடங்கு முடிந்ததும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. ஊரடங்கு முடிந்தது.

முதல் அழைப்பு

பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில், புது வண்ணாரப்பேட்டையில் இருக்கும் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் கவுன்ட்டருக்கே வந்துவிட்டார். முதல் நாள் அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. "அம்மா, உங்களுக்குச் சர்க்கரை 286 இருக்கிறதே, மாத்திரை மட்டும் போதாது. எங்களிடம் ஒரு மூலிகைப் பொடி இருக்கிறது, மூன்று மாதத்தில் இறங்கிவிடும். நாளைக்கே வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். பச்சை கேட், நாய் இருக்கிற வீடுதானே?"

அந்த அம்மா கவுன்ட்டரில் கேட்டது ஒரே கேள்வி: "என் நாயைப் பற்றி அவனுக்கு யார் சொன்னது?"

அதே வாரத்தில் இன்னும் நான்கு பேர் புகார் சொன்னார்கள். எல்லோருக்கும் சர்க்கரை நோய், எல்லோரும் வீட்டில் ரத்தம் கொடுத்தவர்கள். மூன்றாவது புகாரின்போதுதான் உரிமையாளர் என்னை அழைத்தார். "தம்பி, கம்ப்யூட்டரை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், உடனே வாருங்கள்" என்றார்.

கண்டவை

ஹேக் எதுவும் நடக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவமும் தேவைப்படவில்லை, நாயே காட்டிக்கொடுத்துவிட்டது. பில் மென்பொருளில் கதவு எண்ணும் தெருப் பெயரும் மட்டுமே இருக்கும். 'பச்சை கேட், நாய் உண்டு, போன் செய்துவிட்டுப் போகவும்' என்ற குறிப்பு இருந்த இடம் ஒன்றே ஒன்று, அந்த ஷீட். பையன் ஒருவன் கடி வாங்கிய பிறகு எழுதி வைத்த குறிப்பு அது.

ஷீட்டைத் திறந்து பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நான் போட்டுக் கொடுத்தபோது ஐந்து பத்திகள். இப்போது பதினொன்று. பெயர், வயது, போன், முகவரி, அடையாளம், எடுக்க வேண்டிய டெஸ்ட், அனுப்பிய டாக்டர், பாக்கித் தொகை என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 'போன முறை சர்க்கரை' என்று ஒரு பத்தி. அதை ஏன் சேர்த்தீர்கள் என்று மூத்த பையனைக் கேட்டேன். "ஊசியைக் குத்தும்போது எல்லாப் பெரியவர்களும் அதைத்தான் கேட்பார்கள் அண்ணே. போன தடவை எவ்வளவு, போன தடவை எவ்வளவு என்று. தெரியாது என்றால் முகம் வாடிவிடும்." அவன் சொன்னதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

2021 மே மாதத்திலிருந்து ஒரு வரிகூட அழிக்கப்படவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு பேர். அவர்களில் சிலர் இறந்தும் போயிருந்தார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஐவர் வேலையை விட்டுப் போனவர்கள். ஒரு கிளினிக்கின் கம்பவுண்டருக்கும் லிங்க் போயிருந்தது. வேறு யாருக்கெல்லாம் போனது என்று சொல்ல வழியில்லை. உள்நுழையாமல் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் பெயர் எங்கும் பதிவாகாது.

இங்கே ஒரு தவறு நடந்தது. நான் வந்து சேருவதற்குள் உரிமையாளர் கோபத்தில் குழுவிலேயே, "யார் பட்டியலைக் கொடுத்தது? மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்" என்று குரல் பதிவு போட்டுவிட்டார். மாலைக்குள் மூன்று பேர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். அதற்கு முன் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் படம் எடுத்து வைத்திருந்தால், எப்போது யார் இருந்தார்கள் என்பதற்காவது ஒரு சான்று மிஞ்சியிருக்கும்.

சட்டம் அன்று எங்கே நின்றது

உரிமையாளரின் மகன் செய்தித்தாளில் படித்துவிட்டு வந்து 250 கோடி ரூபாய் அபராதம் என்று சொல்லியிருந்தார். "நம் தெருவையே விற்றாலும் அவ்வளவு வராதே தம்பி" என்றார் உரிமையாளர். உட்கார வைத்து நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தரவுப் பாதுகாப்பு வாரியம் அமைப்பது பற்றிய பிரிவுகள் அப்போதே நடைமுறைக்கு வந்துவிட்டாலும், வியாபாரிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அறிவிக்கையின்படி 2027 மே மாதம். தீர்ப்பிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள்; ஒரு தலைமுறை போன் எண்கள் கைமாறிவிடும் காலம்.

அந்த 250 கோடி என்பது, தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறியதற்கான உச்ச வரம்பு. மீறலின் தன்மை, கடுமை, நடந்த பிறகு எடுத்த நடவடிக்கை ஆகியவற்றைப் பார்த்துத்தான் வாரியம் தொகையை முடிவு செய்ய வேண்டும். கசிவை வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்காமல் மறைத்தால் அதற்குத் தனியாக 200 கோடி வரை போகலாம். இவை எதுவும் அன்று எங்களைக் கட்டவில்லை.

அதனால் சட்டமே இல்லை என்று ஆகிவிடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் கீழ் வந்த 2011 விதிகளும் இன்னமும் இருக்கின்றன. உடல்நிலை பற்றிய விவரத்தை அவை கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய (சென்சிடிவ்) தகவல் என்றே வகைப்படுத்துகின்றன. அலட்சியத்தால் ஒருவருக்கு இழப்பு ஏற்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம். ஒற்றை உரிமையாளர் கடையும் அதற்குள் வரும். ஒப்பந்தத்தின் பேரில் கிடைத்த தகவலைத் தெரிந்தே வெளியே கொடுத்தவருக்கு 72ஏ பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் கொடுத்த தகவலைப் பிறருக்கு வெளியிடுவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. இன்னொன்றும் இருந்தது: மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் தகவல் கசிவும் உண்டு. எனக்கு அது நினைவுக்கு வந்தது மூன்றாம் நாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உரிமையாளர் ஒரு யோசனை சொன்னார். "புதுச் சட்டம் கம்ப்யூட்டரில் இருப்பதற்குத்தானே? நாளையிலிருந்து பழையபடி நோட்டுப் புத்தகம் போட்டுவிடுவோம்." பாதி சரி. காகிதத்திலேயே இருந்து காகிதத்திலேயே முடிவதை அந்தச் சட்டம் தொடாது. காகிதத்தில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக்கினால் தொடும். நான் பதில் சொல்வதற்குள் கவுன்ட்டர் பெண் அன்றைய நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். அதைச் சுட்டிக்காட்டினேன். உரிமையாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

எடுத்த முடிவுகள்

முதல் நாளே செய்தவை எளியவை. பகிர்வு அமைப்பைப் படம் எடுத்து வைத்துவிட்டு லிங்கை மூடினோம். வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தோம். பழைய ஊழியர் போன்களில் லேபின் வாட்ஸ்அப் இணைந்திருக்கிறதா என்று பார்த்து இரண்டைத் துண்டித்தோம். மூன்றாம் நாள், தாமதத்தை ஒப்புக்கொண்டே செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம்.

கடினமானவை இரண்டு. முதலாவது, போலீஸ். தீபாவளிக்கு முன் வேலையை விட்டுப் போன ஒரு பையன் மேல் உரிமையாளருக்குச் சந்தேகம். சம்பளப் பாக்கித் தகராறில் போனவன், அம்மா இதே தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். பெயரைச் சொல்லிப் புகார் கொடுக்க வேண்டும் என்று உரிமையாளர் நின்றார். நான் தடுத்தேன். கதவைப் பூட்டாமல் நாலரை ஆண்டு வைத்திருந்தது நாம். உள்ளே போனது யார் என்று காட்ட நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை. கடைசியில் யார் பெயரும் இல்லாமல், பொடி விற்க அழைத்த எண்களை மட்டும் கொடுத்து சைபர் குற்றப் புகார் பதிவு செய்தோம்.

இரண்டாவது, நோயாளிகளிடம் சொல்வதா வேண்டாமா. இதற்கு இரண்டு நாள் பிடித்தது. "புகார் சொன்னது ஐந்து பேர். மீதி இரண்டாயிரம் பேருக்கு நாமே போய்ச் சொல்லி வயிற்றைக் கலக்குவானேன்? எதிர்த்த தெரு லேபுக்கு இனிப்பு வாங்கிக் கொடுப்பது போல ஆகிவிடும்" என்பது அவர் வாதம். கடை நடத்துகிறவர் அப்படித்தான் பேசுவார். அதில் அநியாயம் எதுவுமில்லை. கட்டாயமும் இன்னும் வரவில்லை.

அவரை மாற்றியது என் பேச்சு அல்ல. ஐந்தாவது புகார்க்காரர் அந்தப் பொடியை வாங்கி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தியிருந்தார். ஒன்பது நாளாக. அதைக் கேட்டதும் உரிமையாளர், "யாராவது ஒருவர் மயங்கி விழுந்தால் அந்தச் சாவு என் கணக்கு" என்றார். அன்று மாலையே கடிதம் எழுத உட்கார்ந்தோம்.

தெரிந்த வக்கீல் ஒருவர் எழுதிக் கொடுத்த முதல் வரைவில் 'அங்கீகரிக்கப்படாத அணுகல் நிகழ்ந்திருக்கக்கூடும்' என்று இருந்தது. ஏலத்துக்குப் போகிறவர் அதைப் படித்து என்ன புரிந்துகொள்வார்? என்ன நடந்தது, எந்தெந்த விவரம் போனது, என்ன ஆகலாம், நாங்கள் என்ன செய்தோம், நீங்கள் என்ன செய்யலாம், யாரிடம் கேட்கலாம் என்று புதிய விதிகள் கேட்கும் வரிசை நன்றாக இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு நாங்களே எழுதினோம்:

"எங்கள் லேபிலிருந்து வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தவர்களின் பட்டியல் வெளியாட்கள் கைக்குப் போயிருக்கிறது. அதில் உங்கள் பெயர், வயது, போன் எண், முகவரி, எடுத்த டெஸ்ட், சிலருக்குச் சர்க்கரை அளவு ஆகியவை இருந்தன. ஆதார் எண்ணோ வங்கி விவரமோ இல்லை. தவறு எங்களுடையது. பட்டியலை மூடிவிட்டோம், போலீசுக்கும் தெரிவித்திருக்கிறோம். உங்கள் நோயைச் சொல்லி யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். எங்கள் பெயரைச் சொல்லிப் பணமோ ஓடிபியோ கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய பில்லில் இருக்கும் எங்கள் எண்ணில் கேளுங்கள்."

அறிவித்தபோது

எஸ்எம்எஸ் வேண்டாம் என்று முடிவு செய்தோம். 'உங்கள் தகவல் திருடப்பட்டுள்ளது' என்று ஒரு செய்தி வந்தால் அதுவே மோசடிச் செய்தி போலத் தெரியும். அச்சடித்த தாளை ரிப்போர்ட்டோடு கொடுப்பது, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களையும் சர்க்கரை அளவு பதிவானவர்களையும் பில்லில் இருக்கும் தரைவழி எண்ணிலிருந்து கவுன்ட்டர் பெண்கள் அழைப்பது என்று பிரித்துக்கொண்டோம். மூன்று வாரம் ஆனது.

பெரும்பாலானவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். "என் சர்க்கரை ஊருக்கே தெரியும் அம்மா, பேத்தி கல்யாணத்தில் ஜிலேபியைப் பிடுங்கிவிட்டார்களே" என்றார் ஒருவர். சிலர் எங்களையே மோசடிக்காரர்கள் என்று நினைத்துப் போனை வைத்தார்கள். அவர்கள் வீட்டுக்கு, வழக்கமாக ரத்தம் எடுக்கும் பையனையே தாளோடு அனுப்பினோம். முகம் தெரிந்ததும் நம்பினார்கள்.

ஒரு அழைப்பு தவறாகப் போனது. சர்க்கரை அளவு பதிவான ஓர் இளம் பெண்ணின் வரியில் இருந்தது கணவரின் எண். கவுன்ட்டர் பெண் அவரிடமே தாளில் உள்ளதை வரிசையாக வாசித்துவிட்டார். டெஸ்ட் பெயர் வரும் இடத்தில் அதையும் சேர்த்து. அந்தப் பெண் குழந்தைப்பேறு தொடர்பாக, புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் சொந்த முயற்சியில் எடுத்த டெஸ்ட் அது. மறுநாள் அவர் லேபுக்கு வந்து கவுன்ட்டர் முன் நின்று எதுவும் பேசாமல் அழுதார். பொடி விற்கிறவன் அவரை அழைத்திருக்கவே இல்லை. அவருடைய தகவலை உரியவர் அல்லாதவரிடம் சொன்னது, கசிவைத் தெரிவிக்கப்போன நாங்கள்தான். உரிமையாளர் அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அழைப்பவர்கள் பெயரைக் கேட்டு உரியவர்தான் என்று உறுதி செய்துகொண்டு, டெஸ்ட் பெயரைச் சொல்லாமல், "ஒரு தாள் தர வேண்டும், எப்போது வரலாம்?" என்று மட்டும் கேட்டார்கள். முதல் அழைப்பிலிருந்தே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

பிறகு

பதினொரு குடும்பங்கள் வேறு லேபுக்குப் போய்விட்டன. இரண்டு பேர் தங்கள் விவரம் முழுவதையும் அழிக்கச் சொன்னார்கள். வருமான வரிக் கணக்குக்கு வேண்டிய பில்லைத் தவிர மீதியை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் கொடுத்தோம். மாத்திரையை நிறுத்தியிருந்தவர் மறுபடி தொடங்கிவிட்டார். சைபர் புகாரில் இதுவரை முன்னேற்றம் இல்லை. இட்லிக் கடை அம்மாவின் மகன் கொடுத்தானா இல்லையா என்பது இன்றும் தெரியாது. அவன் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

ஷீட் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு பையனுக்கும் அன்றைய வீடுகள் மட்டும், அவன் பெயரில் உள்நுழைந்தால் தெரியும். இரவு பத்து மணிக்கு மறைந்துவிடும். பழைய சர்க்கரை அளவு அதில் இல்லை. பெரியவர்கள் கேட்டால், ரிப்போர்ட் கோப்பைப் பார்த்துச் சொல்லும்படி கவுன்ட்டருக்கு அவர்களைக் கொண்டே போன் போட வைக்கிறார்கள். பையன்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு வீட்டுக்குக் கூடுதலாக மூன்று நிமிடம் ஆகிறது என்கிறார்கள், உண்மைதான்.

மறுபடி நேர்ந்தால்

முதலில் படம் எடுப்பேன், பிறகு மூடுவேன், கோபப்படுவதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். செர்ட்-இன் மின்னஞ்சல் முகவரியைக் கவுன்ட்டர் சுவரில் தீயணைப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டியாகிவிட்டது.

பதிவுப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம்: 'இந்த போன் யாருடையது?', 'ரிப்போர்ட் பற்றி யாரிடம் பேசலாம்?' இதற்கு எந்த மென்பொருளும் வேண்டியதில்லை. முதல் மாதத்தில் நிரப்பியவற்றைப் புரட்டிப் பார்த்தபோது, பெண்கள் கொடுத்த எண்களில் பாதிக்குப் பக்கத்தில் கணவர், மகன், பக்கத்து வீடு என்று எழுதியிருந்தது. நான்கரை ஆண்டுகளாக அந்த எண்களுக்குத்தான் ரிப்போர்ட்டுகள் போய்க்கொண்டிருந்தன.

என்னுடைய மற்ற வாடிக்கையாளர்களின் கணினிகளையும் பார்த்து வருகிறேன். இதுவரை பார்த்ததில் இன்னும் இரண்டு கடைகளில் அதே அமைப்பில் ஷீட் இருந்தது. இரண்டும் நான் போட்டவை.

பச்சை கேட் வீட்டு அம்மா எங்களைவிட்டுப் போகவில்லை. சென்ற வாரம் ரத்தம் கொடுத்தபோது பையனிடம் சொல்லியிருக்கிறார்: இன்னமும் போன் வருகிறதாம். சர்க்கரைப் பொடிக்காரன் நின்றுவிட்டான், இப்போது வேறு ஒருவன், மூட்டுவலித் தைலம். அவனும் நாயை விசாரித்தானாம்.